காலி முளை

சென்ற மாதம் என் வீட்டுச் சுவரில் நாலு ஓட்டை போட்டேன். அதிலிருந்து ஆரம்பித்தது இந்தக் கதை.

மொட்டை மாடியில் பதினைந்து தொட்டி வைத்திருக்கிறேன். கத்தரி, தக்காளி, கொஞ்சம் கீரை, ஒரு முருங்கைக் கன்று. செடிகள் வளர்ந்ததோ இல்லையோ, சாமான்கள் வளர்ந்துவிட்டன. சின்ன மண்வெட்டி, களைகொத்தி, கிளை வெட்டும் கத்தரி, மண் அள்ளும் கரண்டி, ஒரு அரிவாள், ஒரு பூவாளி. எல்லாம் மாடிப்படிக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒன்றை உருவினால் இன்னொன்று காலில் விழும். "ஒண்ணு அந்த மம்பட்டி இந்த வீட்ல இருக்கணும், இல்லே நான் இருக்கணும்" என்று இறுதி எச்சரிக்கை வந்த பிறகுதான் கடைக்குப் போனேன். சுவரில் மாட்டுகிற ஸ்டீல் ராக். ஆறு கொக்கி. திருகாணி, ரால்பிளக் எல்லாம் டப்பாவிலேயே வந்துவிட்டது. டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி ஓட்டை போட்டு, மாட்டி, தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த வாரம் ஊரிலிருந்து பெரியப்பா வந்தார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். எண்பதைத் தாண்டியவர். கண் மட்டும் இன்னும் கழுகு. மாடிக்குக் கூட்டிப் போய் ராக்கைக் காட்டினேன். விலையைக் கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நாலு வேப்பங்குச்சியச் சீவி முளை அடிச்சா முடிஞ்சிபோற சோலிக்கா இம்புட்டு ரூவா குடுத்த?"

சிரித்து மழுப்பினேன். அவர் ராக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஆறு கொக்கி இருக்கு. அஞ்சு சாமான்தான தொங்குது. ஆறாவது எங்கெய்யா?"

விழித்தேன். கிளை வெட்டும் கத்தரியைக் காணோம். எப்போதிலிருந்து காணோம் என்றும் தெரியவில்லை.

"தொங்குறதப் பாக்காத. தொங்காதத பாரு. அதுக்குத்தான் முளை" என்றார் பெரியப்பா.

நான் பி.காம். படித்தவன். வருஷக் கடைசியில் சரக்கு இருப்பை எண்ணி, கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடம் கல்லூரியில் மனப்பாடம் செய்தவன். பெரியப்பா பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்னதும் அதே விஷயம்தான். இருப்பும் கணக்கும் ஒரே சுவரில். நிரம்பிய முளை என்றால் இருப்பு. காலி முளை என்றால் பாக்கி. இதைவிடச் சுருக்கமான ஆடிட்டிங் உண்டா, சொல்லுங்கள்!

*

கரிசல் காட்டுப் பழைய வீடு ஒன்றை மனசில் கட்டிப் பாருங்கள். தடிமனான மண் சுவர். மேலே ஓலையோ ஓடோ. பக்கத்தில் மாடு கட்டும் தொழு. அந்தத் தொழுவின் சுவரில்தான் குடும்பத்தின் மொத்த முதலீடும் இருக்கும்.

கலப்பை மூலையில் சாத்தியிருக்கும். இரண்டு முளைகளுக்குக் குறுக்கே நுகத்தடி. கரிசலில் அதை 'மேக்கால்' என்பார்கள். பக்கத்தில் பூட்டாங்கயிறு, சாட்டைக் கம்பு, தார்க்குச்சி. கமலை இறைக்கிற கிணறு உள்ள வீடாக இருந்தால் வடக்கயிறும் கூனையும். மம்பட்டி ஒரு முளையில். கோடாலி ஒரு முளையில். அறுப்பு அரிவாள்கள் எறவாணத்தில் செருகியிருக்கும். கூரை சரிந்து இறங்கி வந்து சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், அந்த இடம். ராக் இல்லாத காலத்து ராக்.

ஏன் தொங்க வேண்டும்? தரையில் போட்டால் என்ன? பெரியப்பா விரல் விட்டு எண்ணினார். ஒன்று, கரையான். கைப்பிடி மரத்தில். தரையில் ஒரு மாதம் கிடந்தால் பிடி போய்விடும். இரண்டு, மாட்டுக் கால். மூன்று, பிள்ளைகள். வெட்டுகிற சாமான் எதுவும் பிள்ளைக் கைக்கு எட்டக் கூடாது. கூர் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். நான்கு, துரு. கரிசல் மண் ஈரத்தில் பசை மாதிரி ஒட்டும். ஒட்டிய மண்ணோடு இரும்பை மாட்டினால் அது வீட்டுக்குள்ளேயே செத்துப்போகும். அதனால் காட்டிலிருந்து வந்ததும் சுரண்டி, துடைத்து, அப்புறம்தான் முளை. ஐந்தாவதுதான் முக்கியம். எல்லாம் விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு ஒரு முளை காலியாக இருந்தால், 'யார் எடுத்தது, எங்கே விட்டது' என்று அப்போதே விசாரணை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முளை அடிக்கச் சுவர் வேண்டும். எல்லோருக்குமா அந்த மாதிரிச் சுவர் இருந்தது? சொந்த நிலம் இல்லாத கூலி வீட்டில் ஒரு களைகொத்தி, ஒரு அரிவாள். அவ்வளவுதான். அது குடிசைக் கூரையில் செருகியிருக்கும். காலையில் சம்சாரி வீட்டு முளையிலிருந்து மம்பட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், சாயங்காலம் அதே முளையில் மாட்டிவிட்டு வருகிற ஆளுக்கு அந்த மம்பட்டி சொந்தமில்லை. காலி முளைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சுவரில் என்ன தொங்குகிறது என்பதை வைத்தே அந்த வீட்டின் நிலம் எவ்வளவு, மாடு எத்தனை ஜோடி என்று சொல்லிவிடலாம்.

*

'ஒரு மம்பட்டியைக் காணோம் என்றால் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று கேட்பீர்கள். கரிசலின் வானத்தைத் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மற்ற ஊருக்கு. இங்கே புரட்டாசிப் பட்டம். வருடத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை கொடுப்பது. ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. கண்மாயும் கிணறும் உள்ள இடத்தை விட்டால் மானம் பார்த்த பூமி.

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்தால் பாறை. பாளம் பாளமாக வெடித்து, கையை விட்டால் உள்ளே போகிற அளவு பிளந்து கிடக்கும். நனைந்தால் சேறு. மாடு கால் வைத்தால் எடுக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே, உழவும் விதைக்கவும் தோதாக மண் இருப்பது சில நாட்கள்தான். அதுதான் பதம். அந்த நாட்களைத் தவறவிட்டால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் அடுத்த வருஷம்தான். அப்படிப்பட்ட ஒரு காலையில் கொழுவைக் காணோம், பூட்டாங்கயிற்றைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் மழைக்கு ஒரு மாதம் முன்பே கொல்லர் பட்டறையில் கூட்டம் மொய்க்கும். கொழுவைக் காய்ச்சி அடித்துக் கூராக்கி வாங்கி வருவார்கள். கூலி கையில் இல்லை. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே தானியமாக அளப்பார்கள். தயாரான கொழு முளைக்குப் போகும். அப்புறம் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

இந்தச் சில நாள் விளையாட்டைப் புரிந்துகொள்ளத்தான் கோவில்பட்டியில் 1901-லேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஆரம்பித்தார்கள். இங்கே உருவான ரகங்களின் பெயரில் 'கே' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையம் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முக்கியமான பாடங்களில் ஒன்று, மழைக்கு முந்தைய விதைப்பு. விதையை ஊறவைத்து, மறுபடி காயவைத்துக் கடினப்படுத்தி, மழை வருவதற்கு ஓரிரு வாரம் முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது. மழை வந்த பிறகு ஓடாதே, வருவதற்கு முன்பே தயாராக இரு! விஞ்ஞானிகள் விதையில் செய்ததைச் சம்சாரிகள் சுவரில் செய்து வைத்திருந்தார்கள்.

*

இந்தக் காலி முளைத் தத்துவத்தை உலகம் வேறு வேறு இடங்களில் வேறு வேறு பெயரில் கண்டுபிடித்திருக்கிறது.

1774-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஒரு சின்ன கிறிஸ்தவப் பிரிவினர் ஷேக்கர்கள். அவர்கள் கட்டிய வீடுகளில் அறையைச் சுற்றிலும் ஒரு மரச்சட்டம் ஓடும். அதில் வரிசையாக முளைகள். துடைப்பம், தொப்பி, ஏன், நாற்காலியைக்கூடத் தூக்கி மாட்டிவிடுவார்கள்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையல் நிபுணர் ஜூலியா சைல்டின் வீட்டில், அவர் கணவர் பால் ஓட்டை போட்ட பலகைகளைச் சுவரில் அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வாணலிக்கும் உரிய இடத்தில் அதன் வடிவத்தைக் கோடு வரைந்து வைத்தார். வாணலி இல்லாவிட்டாலும் அதன் நிழல் இருக்கும். எந்த வாணலியைக் காணோம் என்று கோடே சொல்லிவிடும். அந்தச் சமையலறை 2001-ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது.

ஜப்பான் தொழிற்சாலைகள் இதையே சாஸ்திரமாக்கின. செய்ரி, செய்டோன், செய்ஸோ, செய்கெட்ஸு, ஷிட்ஸுகே. ஐந்து 'எஸ்' என்பார்கள். வேண்டாததை ஒழி, வேண்டியதற்கு இடம் கொடு, சுத்தம் செய், அதை முறையாக்கு, பழக்கமாக்கு. பெரியப்பாவின் ஐந்து விரலும் ஞாபகம் வருகிறதா?

விமானப் பராமரிப்புக் கூடங்களில் இது உயிர் விஷயம். ஸ்பேனரின் உருவம் வரைந்த பலகையில் ஒரு இடம் காலி என்றால், அந்த ஸ்பேனர் இன்ஜினுக்குள் கிடக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வரை விமானத்தை விடமாட்டார்கள். விளக்கு வைப்பதற்குள் திரும்பி வர வேண்டும் என்கிற அதே சட்டம்தான்.

*

சுவரில் எது காலி என்று வீட்டுக்காரர் பார்த்தால் அது ஒழுங்கு. அதையே அரசாங்கம் பார்த்தால்? அந்தக் கதையும் இதே கரிசலில் நடந்திருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16. கட்டபொம்மன் அங்கே தூக்கிலிடப்பட்டார். கட்டளையிட்டவர் மேஜர் பானர்மேன். வேடிக்கை பார்க்க வரவழைக்கப்பட்டிருந்த மற்ற பாளையக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி எளிமையானது. கோட்டைகளை இடியுங்கள். துப்பாக்கி, ஈட்டி, வேல், எல்லாவற்றையும் ஒப்படையுங்கள்.

ஒப்படைத்தார்கள். சுவர்கள் காலியாகின. கம்பெனி நிம்மதியாகத் தூங்கியது.

பதினைந்து, பதினாறு மாதம்தான். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் தோழர்களும் தப்பினார்கள். தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நின்றது. உள்ளே நீண்ட ஈட்டிகளோடு ஆட்கள்! மார்ச் 31-ல் கம்பெனிப் படை தாக்கித் தோற்றுத் திரும்பியது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அத்தனை ஈட்டியும் அதுவரை எந்த எறவாணத்தில் இருந்தன? அந்த ரகசியத்தைக் கரிசல் இன்று வரை சொல்லவில்லை. காலி முளை எப்போதும் இல்லை என்று மட்டும் சொல்வதில்லை. 'இங்கே இல்லை, வேறெங்கோ இருக்கிறது' என்றும் சொல்லும். பானர்மேனுக்கு அது தெரியாமல் போய்விட்டது.

இரண்டாவது முறை கம்பெனி ஏமாறத் தயாராக இல்லை. கோட்டையை இடித்ததோடு விடாமல், அந்த இடத்தில் ஏர் ஓட்டி ஆமணக்கு விதைத்தார்கள் என்பார்கள். யோசித்துப் பாருங்கள். ஆயுதங்களைப் பறித்தவர்கள் கடைசியில் ஆயுதமாக எடுத்தது கலப்பையை! 1801 டிசம்பர் முதல் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டார். தென்சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. 1803-ல் மிச்சமிருந்த பாளையக்காரர்கள் வரி கட்டும் ஜமீன்தார்கள் ஆனார்கள்.

கலப்பைக்கும் மம்பட்டிக்கும் யாரும் தடை போடவில்லை. போட்டால் வரி எங்கிருந்து வரும்? ஆக, வேலும் ஈட்டியும் போன பிறகு, கரிசல் சுவரில் மிச்சமிருந்தது விவசாயம் மட்டும்தான்.

*

கருவி எது, ஆயுதம் எது? தமிழில் இந்தக் கேள்வி கொஞ்சம் சிக்கலானது. நாம் கலப்பையையும் சுத்தியலையும் கணக்குப் புத்தகத்தையும் வைத்துக் கும்பிடுகிற நாளுக்கே பெயர் ஆயுத பூஜை! வருஷத்துக்கு ஒரு நாள் எல்லா முளையும் காலியாகி, எல்லாச் சாமானும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி தன் இடத்துக்குப் போகும் நாள்.

சட்டமும் இதில் தடுமாறியிருக்கிறது. 1959-ம் வருட ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்கு விளக்கம் கொடுத்துவிட்டு, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டவை அதில் சேராது என்று விலக்குக் கொடுக்கிறது. 1962-ம் வருட விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் கணக்கில் சேர்த்துவிட்டு, அங்கேயும் விவசாயத்துக்கு விலக்குக் கொடுத்தன. அறுப்பு அரிவாளுக்கும் வெட்டு அரிவாளுக்கும் நடுவே கோடு போட அங்குலக் கணக்கு போதவில்லை. 'எதற்காகச் செய்தது' என்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

2021 செப்டம்பரில், தொடர்ந்து கொலைகள் நடந்த சமயம், தமிழகக் காவல்துறை ரவுடிகளின் ஆயுதங்களைத் தேடி மாநிலம் முழுக்க வேட்டை நடத்தியது. கையோடு அரிவாள் செய்கிற பட்டறைகளுக்கும் ஒரு உத்தரவு. வாங்க வருகிறவரின் பெயர், முகவரி, எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். 1799-ல் பானர்மேன் கேட்டது போல ஒப்படைக்கச் சொல்லவில்லை. பதிவேடு கேட்டார்கள். கொலைகளைத் தடுக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு மாதிரி பார்த்தார்.

"அருவா எறவாணத்துல இருந்த வரைக்கும் யாரும் நோட்டுல எழுதல. ராத்திரி எறவாணத்துல இல்லேன்னா வீட்டுப் பொம்பளைகளுக்குத் தெரிஞ்சிரும். எங்கடா போறன்னு வாசல்லயே மறிச்சிருவாக. இப்ப எறவாணமே இல்லையேய்யா."

வீட்டுக்குள் இருந்த கணக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது என்கிறார். முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். எறவாணம் இருந்த காலத்திலும் தென்மாவட்டங்களில் வெட்டுக்குத்து நடக்காமல் இல்லை. ஆனால் அவர் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

*

எறவாணம் இல்லைதான். மண் சுவரும் ஓலைக் கூரையும் போய்க் காங்கிரீட் வந்தது. நல்லதுதான். ஒழுகாத வீட்டை யாரும் குறை சொல்ல முடியாது. கமலையை மோட்டார் பம்ப் ஓய வைத்தது. டிராக்டர் வந்ததும் மாடு போனது. மாடு போனதும் மேக்கால், பூட்டாங்கயிறு, தார்க்குச்சி மூன்றும் ஒன்றாகப் போயின. களைக்கொல்லி வந்ததும் களைகொத்திக்கு வேலை குறைந்தது. யாரும் எதையும் தூக்கி எறியவில்லை. முளை இல்லாததால் தரைக்கு வந்தன. தரைக்கு வந்ததைக் கரையான் பார்த்துக்கொண்டது.

கலப்பை சுவரில் தொங்குவதை இன்றும் பார்க்க வேண்டுமா? நான்குவழிச் சாலையில் போங்கள். 'கிராமிய மணம் கமழும்' ஹோட்டல்களில் வார்னிஷ் அடித்து மாட்டியிருப்பார்கள். பிள்ளைகள் 'அது என்னப்பா?' என்று கேட்கும். நாம் மெனு கார்டைப் பார்ப்போம்.

சாமான் போனால் பெயரும் போய்விடும். இதை முன்கூட்டியே பார்த்த ஒருவர் கோவில்பட்டி பக்கத்தில் இருந்தார். இடைசெவல் கிராமத்துச் சம்சாரி, கி.ராஜநாராயணன். நண்பர்களோடு சேர்ந்து ஊர் ஊராகச் சொல் பொறுக்கி, 1982-ல் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய வேலையை, ஒரு விவசாயி செய்தார். அதுவும் ஒரு சுவர்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முளை அடித்து மாட்டி வைத்த சுவர். 2021 மே 17-ல் கி.ரா. மறைந்தார். இன்று அந்த அகராதியைப் புரட்டினால், சொல் இருக்கிறது, அது குறிக்கும் பொருளைக் காணோம் என்று பல பக்கங்களில் நிற்க வேண்டியிருக்கிறது. பால் சைல்ட் பலகையில் வரைந்த கோடு மாதிரி. வாணலி போய்விட்டது. நிழல் இருக்கிறது.

*

பெரியப்பா ஊருக்குக் கிளம்புவதற்குள் கிளை வெட்டும் கத்தரி கிடைத்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் ரோஜாச் செடியை வெட்ட வாங்கிப் போயிருக்கிறார். கொடுத்தது நானே. கொடுத்து இரண்டு மாதம். ராக் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த ஜென்மத்தில் ஞாபகம் வந்திருக்காது.

ஆறாவது கொக்கியில் மாட்டினேன். பெரியப்பா திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அரிவாளைக் கழற்றி, கூர் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டினார். மம்பட்டியை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்த மண் ஒட்டியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஓட்டாஞ்சில்லை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

நீங்கள் ராக் வாங்குவீர்களோ, வேப்பங்குச்சி சீவுவீர்களோ, அது உங்கள் சௌகரியம். மாட்டி முடித்ததும் ஒரு பென்சிலால் ஒவ்வொரு சாமானையும் சுற்றிச் சுவரில் கோடு வரைந்து விடுங்கள். நான் வரைந்துவிட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது. பரவாயில்லை.